ஐந்து பண்ணைக்கும் ஒரே ஒன்பது

அந்தக் கோடையில் சென்னியம்மாள் வீட்டுக்கும் கோழி ஷெட்டுக்கும் ஓடிய ஓட்டத்தை நேர்கோடாக இழுத்துப் போட்டிருந்தால், குவாஹாத்தியில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரர் சின்னுசாமிக்குச் சுடச்சுடச் சோறு போட்டு, கை கழுவத் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாயங்கால முட்டை எடுக்கத் திரும்பி வந்திருப்பாள். இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். ஆனால் இரண்டே மாதத்தில் அவள் காலில் தேய்ந்து போன மூன்று ஜோடி செருப்பில் கூட்டல் எதுவும் இல்லை.

ஓட வைத்தது ஒரு சங்கு. கைபேசிக்குள் இருக்கும் சங்கு.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் வரிசையாக ஐந்து கோழிப்பண்ணைகள். நடுவில் இருப்பது சென்னியம்மாளுடையது. நான்கு பக்கமும் அடைத்த ஷெட். உள்ளே பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகள். ஒரு தலைமாட்டில் காற்றைக் குளிர்விக்கும் ஈரத்தட்டிகள், மறு தலைமாட்டில் ஆள் உயர மின்விசிறிகள். விசிறி ஓடுகிற வரைக்கும் கோழிகளுக்கு அது ஊட்டி. விசிறி நின்றால் அரைமணி நேரத்தில் அடுப்பு. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும். பத்துக்கு ஒன்பது தடவை கிளம்பிவிடும். அந்த மீதி ஒரு தடவைக்காகத்தான் ஷெட்டுக்குள் கைப்பிடி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டியிருந்தாள். உள்ளே எவ்வளவு வெக்கை என்று அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை, கம்பி இல்லாமல், வீட்டிலிருக்கும் வைஃபை ரூட்டருக்குச் சொல்லும். ரூட்டர் அவளுடைய கைபேசிக்குச் சொல்லும். வெக்கை ஏறினாலும் சங்கு ஊதும். பெட்டியிடமிருந்து தொடர்ந்து மூன்று முறை பேச்சு வராவிட்டாலும் சங்கு ஊதும். இரண்டும் ஒரே சங்கு.

மார்ச் மாதம் பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை ஊதியது. இருபதும் பொய்.

பொய்தான் என்று தெரிந்தும் அவளால் ஓடாமல் இருக்க முடியவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் அவள் மகள் தனப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு மகளை உள்ளே கொண்டுபோன சமயம், பண்ணையில் விசிறி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. சம்பந்தியம்மாவைக் கதவருகே நிறுத்திவிட்டு ஓடினாள். ஓடியும் எண்ணூறு கோழிகள் போயின. அங்கே மகள் மயக்கம் தெளிந்து கண் திறந்து, "அம்மா எங்க?" என்று கேட்டபோது பதில் சொல்ல அம்மா இல்லை. கோழியும் போயிற்று, மகளின் முகமும் கோணிப் போயிற்று. அந்த வாரமே வெள்ளைப் பெட்டியை வாங்கி மாட்டினாள்.

இப்போது தனப்பிரியாவுக்கு இரண்டாவது. மாப்பிள்ளை கதிர்வேலுக்கு ரயில்வேயில் வேலை, சேலம் சூரமங்கலத்தில் குடியிருப்பு. அங்கேயே பக்கத்து ஆஸ்பத்திரியில் மே மாதம் பதினெட்டாம் தேதி அறுவை என்று நாள் குறித்தாகிவிட்டது. தனப்பிரியா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தத் தாட்டியாச்சும் நீ இருப்பியாம்மா?"

"இருப்பன் கண்ணு. இதென்ன கேள்வி?"

"கோழி கூப்புட்டா?"

சென்னியம்மாள் பதில் சொல்ல வாய் திறந்தாள். சங்கு ஊதியது. அந்தப் பக்கம் தனப்பிரியாவுக்கும் அது கேட்டது. "போம்மா, போயி பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பழகிப்போன குரலில் சொன்னாள்.

காலையில் முட்டை பொறுக்க இரண்டு பெண்கள் வருவார்கள். பதினோரு மணிக்கு மேல் பண்ணையில் கோழிகளும் சென்னியம்மாளும்தான். ஊரை விட்டுப் போவதென்றால், சங்கு ஊதும்போது ஓடிப் பார்க்க அக்கம்பக்கத்தில் ஒரு கால் வேண்டும். கிழக்குப் பக்கத்துப் பண்ணைக் குப்பாயியிடம் போய்க் கேட்டாள்.

"அம்மிணி, உன்ற பெட்டிக்கு நாக்கு நீளம்" என்றாள் குப்பாயி. "போன மாசம் நீ சந்தைக்குப் போனப்ப ஏழு தடவ என்னைய ஓட உட்ட. ஏழு தடவையும் கோழிக என்னையப் பாத்து, 'இந்தம்மாளுக்கு வேற சோலி இல்லையா'ன்னு கேட்டுச்சுக. எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. நெசமா ஊதுற சங்குன்னா சொல்லு, தவந்துக்கிட்டாச்சும் போறேன். பொய்ச் சங்குக்கு வரமாட்டன்."

நியாயமான பேச்சு. ஆகவே சென்னியம்மாள் மகள் பக்கத்தில் நிற்பது அந்தச் சங்கு உண்மை பேசுவதைப் பொறுத்ததாகிவிட்டது.

சங்கை மாட்டியவன் மயில்சாமி. சாலை நெடுக ஐந்து பண்ணைக்கும் வைஃபை, கேமரா, பெட்டி எல்லாம் அவன் கைவேலை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். நம்பர் பிளேட் எழுதுவதில் மன்னன். அவன் எழுதிய நம்பரைச் சுங்கச்சாவடிக் கேமரா ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே படித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் என்பார்கள். ஸ்டிக்கர் வந்து தூரிகையைத் தூக்கிப் போட்டதும் கேமரா தொழிலுக்கு மாறிவிட்டான்.

அவன் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தொடர்பு இல்லீன்னா ஊத வேண்டாம்னு நிறுத்தி வெச்சிரட்டுங்களா? வெக்கை ஏறுனா மட்டும் ஊதும்."

"தொடர்பு அத்துக் கெடக்கறப்பவே வெக்கை ஏறுனா?"

"...அதுவும் சரிதானுங்க."

"பேசாம கம்பி இழுத்துரு மயிலு."

"மூணு தடவ இழுத்தமே, எலி உட்டுச்சுங்களா? உங்க தீவனத்த உட கம்பியத்தான ருசியா தின்னுச்சு."

கடைசியில் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான்: ஏற்கெனவே இருந்ததைவிடப் பெரிய ஆன்டெனா. வீட்டு மொட்டை மாடியில் தென்னம்பிள்ளை உயரத்துக்கு நட்டான். அன்று ஒரு பொழுது சங்கு அடங்கியது. மறுநாளே மேற்குப் பக்கத்துப் பண்ணைத் தனசேகர் தன் கேமரா தெரியவில்லை என்று மயில்சாமியைக் கூப்பிட்டு அதைவிட ஒரு முழம் உயரமாக நடச் சொன்னான். பிறகு குப்பாயி. பிறகு சாலையின் இரண்டு முனையிலும் பண்ணை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். அவர்கள் பத்து வருடமாக ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. அண்ணன் வீட்டு ஆன்டெனாவைத் தம்பி வேலி மேல் ஏறி நின்று அளந்துவிட்டுத்தான் தன்னுடையதை நட்டான். ஒரு வாரத்தில் அந்தச் சாலையில் போன காக்கைகள் எந்த ஆன்டெனாவில் உட்காருவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிக் களைத்துப் போயின. சங்கு இருபதிலிருந்து முப்பதாயிற்று.

மே ஆறாம் தேதி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை மின்சாரம் கிடையாது என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். சென்னியம்மாள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு, ஷெட் வாசலிலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஓடுவதைவிட உட்கார்ந்திருப்பது மேல்.

ஒன்பது அடித்தது. பத்து அடித்தது. கைபேசி வாயைத் திறக்கவில்லை. பதினொன்றுக்கு அவளுக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை சமத்தாக அது இருந்ததே இல்லை. செத்துத்தான் போயிற்று என்று எண்ணி, ஒரு சொம்பு வெந்நீரை எடுத்துக்கொண்டு போய் வெள்ளைப் பெட்டியின் மூக்கடியில் பிடித்தாள். அடுத்த நிமிடம் சங்கு ஊரைக் கூட்டியது. வெக்கை ஐம்பது என்றது. சொம்பை எடுத்தாள், அடங்கியது.

அப்படியானால் உயிரோடுதான் இருக்கிறது. ஏன் பொய் சொல்லவில்லை?

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சு இல்லை. சென்னியம்மாளுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை. ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. ஐந்து அடித்து நான்கு நிமிடம் ஆவதற்குள் சங்கு ஊதியது. தொடர்பில்லை.

அவள் ஓடவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கட்டிலிலிருந்து எழாமல் யோசித்தாள். ஷெட்டில் அதே கோழி, அதே பெட்டி. வீட்டில் அதே ரூட்டர். அது சின்னுசாமி கழற்றிப் போட்ட பழைய லாரி பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். நம் வளவுக்குள் எதுவுமே மாறவில்லை. மாறியதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். நான்கு வீட்டுக்காரர்களும் கேமராவையும் ரூட்டரையும் நேராக மின்சாரத்தில் செருகி வைத்திருந்தார்கள்; அவர்கள் ஜெனரேட்டர் விசிறிகளுக்கு மட்டும்தான். காலை ஒன்பது முதல் அவை அத்தனையும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

உடனே மயில்சாமியைக் கூப்பிட்டாள். "மயிலு, என்ற பெட்டிக்குச் சீக்கு இல்ல. பக்கத்துப் பெட்டிக தூங்குனா இது நல்லாப் பேசுது. அதுக முழிச்சா இதோட வாய அடைக்குதுக. வந்து பாரு."

மயில்சாமி வந்தான். கைபேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினான். சுற்றுவட்டாரத்து வைஃபை ஒவ்வொன்றும் ஒரு வளைவாகத் தெரியும் படம் அது. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று பதின்மூன்று வரை எண்கள். வளைவுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்க வேண்டும். இருந்ததோ ஒரே இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த சட்டி போல ஐந்து வளைவு. ஒன்பதாம் எண் மேல். மற்ற இடமெல்லாம் பொட்டல் காடு.

மயில்சாமியின் முகம் மாறியது.

"இந்த நம்பர் என்னடா?"

"சேனலுங்க. எந்தத் தடத்துல பேசறதுங்கறது. பஸ்ஸு தடம் மாதிரி."

"அஞ்சு பேருக்கும் ஒரே தடத்த வெச்சது யாரு?"

மயில்சாமி மாடியைப் பார்த்தான், ஆன்டெனாவைப் பார்த்தான், காக்கையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தான்.

"நான்தானுங்கக்கா."

"ஏனாம்?"

"இருவத்திரண்டு வருசம் நம்பர் பிளேட்டு எழுதுனவனுங்க நானு. நம்ம பக்கத்துல லாரி வாங்குறவங்க எல்லாரும் ஒண்ணுதான கேப்பாங்க? கூட்டுனா ஒம்பது வரோணும்னு. முதமுதல்ல தனசேகரண்ணன் ஊட்டுல ரூட்டரு மாட்டறப்ப, 'என்ன நம்பர் வெச்சிருக்கற'ன்னு கேட்டாரு. ஆறுல இருந்துச்சு. 'ஒம்பதுல வெய்யி'ன்னாரு. வெச்சனுங்க. அப்பறம் கேக்காதவங்களுக்கும் நானே வெச்சுட்டனுங்க. கெட்டதா செஞ்சன்? ராசியான நம்பருதானுங்களே."

சென்னியம்மாளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. மயில்சாமிதான் தப்பு புரிந்தவனாய்த் தரையில் குந்தி, குச்சியால் கோடு போட்டு விளக்கினான். பெட்டி பேசுவது அரை நிமிடத்துக்கு ஒரு வார்த்தை. கேமராவோ மூச்சு விடாமல் பேசும்; நாலு பண்ணையிலும் பதினாறு கேமரா. பஸ்ஸுக்குள்ளே பதினாறு பேர் தொண்டை கிழியக் கத்தும்போது மூலையில் உட்கார்ந்திருக்கும் பாப்பா, 'எனக்குத் தண்ணி' என்றால் யார் காதில் விழும்? உயர ஆன்டெனா நட்டது கத்துகிறவன் கையில் மைக்கைக் கொடுத்தது போல.

"தெரிஞ்சுதான் நட்டியா?"

"அப்பத் தெரிலீங்க. இப்ப உங்களுக்குச் சொல்றப்பத்தான் எனக்கே தெரியுது."

"சரி, என்ற ஒண்ண மட்டும் மாத்து."

ஒன்றாம் எண்ணுக்கு மாற்றினான். இரண்டு நாள் சங்கு ஊதவே இல்லை. சென்னியம்மாள் மகளுக்குப் போன் செய்து புடவைகூட எடுத்து வைத்தாயிற்று என்றாள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. எட்டு மணிக்குள் ஐந்து தடவை. மயில்சாமியைப் பிடித்துக் கேட்டால், அவன் ஈனசுரத்தில் சொன்னான்:

"குப்பாயக்கா, 'சென்னிக்கு என்ன நம்பர் வெச்ச, அவ சங்கு அடங்கிருச்சாமே, அதே ராசி நம்பர எனக்கும் வெய்யி'ன்னாங்க. அது தெரிஞ்சு அண்ணன் கேட்டாரு. அண்ணன் கேட்டது தெரிஞ்சு தம்பி கேட்டாரு. தனசேகரண்ணன் மட்டுந்தான் ஒம்பதுலயே இருக்காரு."

நாள்காட்டியில் பதினெட்டாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்.

அன்று சாயங்காலம் சென்னியம்மாள் நான்கு பண்ணைக்காரர்களையும் தன் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள். காப்பியும் முறுக்கும் வைத்தாள். அண்ணன் மரத்துக்கு மேற்கே உட்கார்ந்தார், தம்பி கிழக்கே. மயில்சாமி தன் பழைய பெயின்ட் டப்பாக்களுடன் வந்திருந்தான். ஒரு தகரத்தில் பச்சைப் பட்டை ஒன்று அடித்தான். அது காய்வதற்குள் அதை ஒட்டியே சிவப்பு அடித்தான். இரண்டும் கசிந்து நடுவில் சாணி நிறம் வந்தது. அடுத்த தகரத்தில் பச்சை, நாலு விரல் இடம் விட்டுச் சிவப்பு, நாலு விரல் இடம் விட்டு நீலம். மூன்றும் சுத்தமாக நின்றன.

"இதானுங்க விசயம். ஒவ்வொரு சேனலும் ரெண்டு பக்கமும் கசியும். இடம் உட்டு வெச்சா ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. மூணு தடந்தான் சுத்தமா நிக்கும். அஞ்சு பண்ணைக்கு மாத்தி மாத்தி வெச்சா, பக்கத்துப் பக்கத்து ஊடு ஒரே தடத்துல வராது. கேமராவெல்லாம் கம்பியில போட்டறலாம். எலி கடிக்காம இரும்புக் குழாய்க்குள்ள உட்டுத் தாறேன். ஆன்டெனாவ எறக்கி, அவங்கவங்க ஷெட்டப் பாக்க மட்டும் திருப்பி வெச்சுக்கலாமுங்க."

மேற்கு முனை அண்ணனுக்கு ஒன்று. அவர் உடனே சம்மதித்தார்; அண்ணன் என்றால் ஒன்றுதானே. கிழக்கு முனைத் தம்பிக்கு ஆறு. அவர் முகத்தைச் சுளிப்பதற்குள் சென்னியம்மாள், "ஒண்ணு பெருசா ஆறு பெருசா? யாரக் கேட்டாலும் சொல்வாங்க" என்றாள். தம்பி மீசையைத் தடவிக்கொண்டார். குப்பாயிக்கு ஒன்று, அண்ணன் வீட்டுக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு பண்ணை இருப்பதால் இடிக்காது. பதினொன்று என்றதும் எல்லோரும் முறுக்கைப் பார்த்தார்கள். கூட்டினால் இரண்டு. ரெண்டுங்கெட்டான்.

"அது எனக்கு இருக்கட்டும்" என்றாள் சென்னியம்மாள். "எனக்கு ராசி எல்லாம் என்ற புள்ள பக்கத்துல நிக்கறதுதான்."

மிச்சம் தனசேகர். அவனுக்கு ஆறு.

"ஆகாதுங்கக்கா" என்று முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டான். "எனக்கு நாலு லாரி. நாலும் ஒம்பது. போனு ஒம்பது. கல்யாண தேதி ஒம்பது. நான் மட்டும் ஒம்பதுலயே இருந்துக்கறேன். மத்தவங்க மாத்திக்கோங்க."

"ஒம்பது ஆறுலயும் கசியும், பதினொண்ணுலயும் கசியுமுங்கண்ணா" என்றான் மயில்சாமி. "அக்காவுது, தம்பியுது ரெண்டும் சாணி ஆயிரும்."

"அது உன்ற பாடு. நீதான வெச்ச?"

குப்பாயி நறுக்கென்று முறுக்கைக் கடித்தாள். இந்த ஒருவன் மசியாவிட்டால் மறுபடி அதே ஓட்டம். மகள் கண் திறக்கும்போது மறுபடி சம்பந்தியம்மா முகம். சென்னியம்மாள் தனசேகரின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"தனசேகரு, உன்ற லாரி எஞ்சின் நம்பர் என்ன சாமி?"

"எந்த லாரிக்கா?"

"ஏதாச்சும் ஒண்ணு."

தனசேகர் விழித்தான். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆர்.சி. புக்குல இருக்கும்."

"கூட்டிப் பாத்தியா, ஒம்பது வருதான்னு?"

"எஞ்சின் நம்பர யாருக்கா கூட்டுவா? பிளேட்டு நம்பரத்தான் கூட்டறது. அதான வெளிய தெரியறது."

"அதேதான். இந்தச் சேனலு எஞ்சின் நம்பர். பொட்டிக்குள்ள கெடக்கும், ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. வைஃபைக்கு ஒரு பேரு வெக்கறமில்ல, போன எடுத்தா தெரியுதே, அதான் பிளேட்டு. மயிலு, தனசேகருக்கு ஒரு நல்ல பிளேட்டு எழுதிக் குடு."

மயில்சாமிக்கு இருபத்திரண்டு வருடத்துத் தொழில் ரத்தம் திரும்பி வந்தது. கண்ணை மூடிக் கூட்டினான். "தனசேகர் அஞ்சு ரெண்டு மூணு எட்டு. பதினெட்டு. ஒம்பது."

தனசேகர் விரல் விட்டு எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான். "எட்டு கடைசில வருதே?"

"முன்னால வெச்சுக்கலாமுங்கண்ணா. எட்டு அஞ்சு மூணு ரெண்டு."

"வேண்டாம். நடுவுல வெய்யி. எட்டு மறஞ்சாப்பல இருக்கோணும்."

அப்படியே வைத்தார்கள். தனசேகர் தன் கைபேசியில் அந்தப் பெயர் வந்து நின்றதும் மாமன் வீட்டில் பெண் கேட்டுக் கிடைத்தவன் போல முகம் மலர்ந்து, மீதி முறுக்கையும் தின்று தீர்த்தான். ஆறாம் எண் உள்ளே குடிபோன விஷயத்தை மறந்தே போனான். அதோடு நிற்காமல், "நீ போய்ட்டு வாக்கா, கோழிய நான் பாத்துக்கறன்" என்றும் வாக்குக் கொடுத்தான். குப்பாயி, "நெசச் சங்குக்கு நானும் வருவன்" என்றாள்.

இரண்டு நாளில் ஆன்டெனாக்கள் இறங்கின. கேமராக்கள் இரும்புக் குழாய்க் கம்பிக்குப் போயின. எலிகள் குழாயை மோந்து பார்த்துவிட்டு, பல்லுக்கு ஆபத்து என்று ஒதுங்கிக்கொண்டன. சங்கு ஊதவில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாளும் ஊதவில்லை. தினம் ஒரு சொம்பு வெந்நீர் பிடித்துப் பார்த்தாள்; அப்போது மட்டும் ஊதியது.

பதினேழாம் தேதி காலை சென்னியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறினாள். ராசிபுரம் தாண்டுவதற்குள் கைபேசியை எழுபது தடவை பார்த்திருப்பாள். பக்கத்து சீட்டுப் பெண், "புது போனுங்களா?" என்று கேட்டாள்.

பதினெட்டாம் தேதி காலை பதினொன்றரைக்குத் தனப்பிரியாவை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மாவின் மற்றொரு கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். சென்னியம்மாள் அதை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் முந்தானை அலறியது.

அந்த வராந்தாவில் இருந்த நர்சு, காவலாளி, கதிர்வேல், சம்பந்தியம்மா எல்லோரும் திரும்பினார்கள். சென்னியம்மாள் கைபேசியை உருவி எடுத்தாள். திரையைப் பார்த்தாள். தொடர்பில்லை என்று இல்லை. வெக்கை முப்பத்துநான்கு. முப்பத்தைந்து.

நெசச் சங்கு.

கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. இரண்டு எட்டு வைத்தும் விட்டாள். அப்புறம் நின்று, போனில் தனசேகரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நெசமா ஏறுது! ஜெனரேட்டரு..."

"ஓடிக்கிட்டிருக்கனுங்கக்கா, பேசாதீங்க, மூச்சு வாங்குது!"

அங்கே நடந்தது பிறகு தெரிந்தது. சாலை முழுவதும் மின்சாரம் போயிருந்தது; சென்னியம்மாளின் ஜெனரேட்டர் மட்டும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. தனசேகர் வேலியைத் தாண்டிக் குதித்தான். லாரிக்காரன் அல்லவா, டீசல் குழாயில் காற்று ஏறியிருப்பதை மோப்பத்திலேயே கண்டுபிடித்து, கழற்றி, உறிஞ்சித் துப்பி, கிளப்பினான். குப்பாயி முழங்காலை மறந்து ஓடி வந்து ஈரத்தட்டிக்குத் தண்ணீர் திறந்தாள். வழியில் பெரியவர் ஒருவர் அவளைக் கண்டு, முப்பது வயசு குறைஞ்சு ஓடுறா என்று சொன்னதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

சென்னியம்மாள் சுவரில் சாய்ந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்தாறு. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒன்றுகூடத் தவறாமல், பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து. முப்பத்துமூன்று. முப்பது.

போன் வந்தது. "அக்கா, ஒரு கோழிகூடப் போகல. பன்னெண்டாயிரமும் கழுத்த நீட்டி எனக்குக் கும்புடு போட்டுச்சுக. வாய் பூராம் டீசலு. ஊட்டுக்காரி பக்கத்துலயே வரமாட்டேங்கறா."

"நல்லா இருப்ப சாமி" என்றாள் சென்னியம்மாள்.

உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை என்று சொல்லிக்கொண்டு நர்சு வந்தாள். சிறிது நேரத்தில் உள்ளே விட்டார்கள். தனப்பிரியாவுக்குக் கண் பாதிதான் திறந்தது.

"அம்மா எங்க?"

"இங்கதான கண்ணு இருக்கறன்."

தனப்பிரியா அவளை உற்றுப் பார்த்தாள். "சத்தம் கேட்டுச்சே. போகலையா?"

"போகல."

"கோழி?"

"அதுக நல்லா இருக்குதுக. நீ தூங்கு."

தனப்பிரியா அம்மாவின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆனால் தூங்கியது அவள் அல்ல. கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்த சென்னியம்மாள், சுவரில் தலை பட்டதுதான் தெரியும், இரண்டு மாதத்துத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்க ஆரம்பித்தாள். குழந்தை வீறிட்டது, எழவில்லை. டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனார், எழவில்லை. சம்பந்தியம்மா தோளைத் தட்டப் போனபோது தனப்பிரியா தலையசைத்துத் தடுத்தாள்.

"உடுங்கத்தை, அம்மா எந்திரிச்சா எங்கியாச்சும் ஓடும்" என்றாள் சிரித்துக்கொண்டே, முந்தானையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி.